கண்மாய் மீனும் ஏலத்து இளைஞர்களும்

மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் காலை நடை முடித்துத் தேநீர்க் கடையில் நிற்பவர்களுக்கு, ஐபிஎல் ஏலம் நெருங்குவதை அறிய நாள்காட்டி தேவையில்லை. பக்கத்தில் நிற்கும் இளைஞர்களின் பேச்சே போதும். 'இந்தத் தடவை அந்தப் பையன் பத்துக் கோடிக்குக் குறையாமல் போவான்' என்பார் ஒருவர். 'நாலு ஆட்டம் அடித்ததை வைத்து முடிவு கட்டாதே' என்று மறுப்பார் இன்னொருவர். முதல் பத்து இளம் வீரர்கள் யார், எந்த அணிக்கு யார் தேவை, யாருக்கு எவ்வளவு என்று செல்பேசிகளில் பட்டியல்கள் சுற்றும். ஏலம் முடிந்த மறுவாரமே அந்தப் பட்டியல்கள் மறக்கப்பட்டுவிடும். யார் கணித்தது பலித்தது, யார் கணித்தது பொய்த்தது என்று எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பொருளியல் கற்பித்தவனுக்கு அந்தத் திரும்பிப் பார்ப்பதில்தான் ஆர்வம்.

முதலில் சில எண்கள். 2024 நவம்பரில் சவூதி அரேபியாவின் ஜெத்தா நகரில் நடந்த பெரும் ஏலத்துக்கு 1,574 பேர் பெயர் பதிந்தனர். இறுதிப் பட்டியலுக்கு வந்தவர்கள் 577 பேர். விலைபோனவர்கள் 182 பேர். அணிகள் செலவிட்ட மொத்தத் தொகை 639.15 கோடி ரூபாய். ரிஷப் பந்துக்கு 27 கோடி. 13 வயதே ஆன வைபவ் சூர்யவன்ஷிக்கு 1.10 கோடி. அடுத்த ஆண்டு டிசம்பரில் அபுதாபியில் நடந்த ஏலத்தில், இந்திய அணிக்கு ஒரு முறைகூட ஆடியிராத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா ஆகிய இரு இளைஞர்களுக்குத் தலா 14.20 கோடி கொடுத்தது சென்னை சூப்பர் கிங்ஸ். ஜெத்தாவுக்குப் பெயர் கொடுத்த ஏறத்தாழ ஒன்பது பேரில் ஒருவருக்குத்தான் விலை கிடைத்தது. எஞ்சிய எட்டுப் பேரைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

இந்த விலைகள் எவ்வாறு உருவாகின்றன? மதுரையைச் சுற்றிய சமவெளியில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கப் பாடநூல் வேண்டியதில்லை. கண்மாய் மீன்பாசி ஏலத்தை நினைத்துக்கொண்டால் போதும். தண்ணீருக்குள் எவ்வளவு மீன் இருக்கிறது என்பது எவருக்கும் தெரியாது. ஐந்து பேர் ஏலம் கேட்க வருகிறார்கள். உண்மையில் ஒரு லட்சம் ரூபாய்க்கான மீன் இருக்கிறது என்று கொள்வோம். ஒருவர் எழுபதாயிரம் என மதிப்பிடுகிறார், மற்றொருவர் எண்பத்தைந்தாயிரம், மூன்றாமவர் சரியாக ஒரு லட்சம், நான்காமவர் ஒன்றேகால் லட்சம், ஐந்தாமவர் ஒன்றரை லட்சம். ஐவரின் சராசரி உண்மைக்கு மிக அருகில் இருக்கிறது. ஆனால் ஏலத்தை எடுப்பவர் சராசரி மனிதர் அல்லர், ஐந்தாமவர். நான்காமவர் விலகும் வரை அவர் கேட்டுக்கொண்டே போவதால், ஒன்றேகால் லட்சத்துக்கு மேல் கொடுத்துத்தான் அவர் கண்மாயை எடுக்க முடியும். எல்லோரிலும் அதிகமாகத் தவறியவரே வெல்கிறார்.

பொருளியலில் இதற்கு 'வென்றவரின் சாபம்' என்று பெயர். மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் வயல்களை ஏலத்தில் எடுத்த நிறுவனங்கள் எதிர்பார்த்த லாபத்தைக் காணாதது ஏன் என்று ஆராய்ந்த கேப்பன், கிளாப், கேம்பல் என்ற மூன்று எண்ணெய்த் துறைப் பொறியாளர்கள் 1971-இல் இதை எழுதினார்கள். நம்மூர்க் குத்தகைதாரர்கள் இதை அனுபவத்தில் அறிந்தவர்கள். நத்தம் பக்கத்து மாந்தோப்பைப் பூவிலேயே குத்தகை பேசுகிற வியாபாரி, மனத்தில் தோன்றும் தொகையில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுத்தான் வாய் திறப்பார். காற்று, மழை, பூச்சி எல்லாவற்றுக்கும் சேர்த்த கழிவு அது. (ஏலத்துக்கு முன்பே கூடிப் பேசி விலையை அமுக்கிவிடுவதும் உண்டு, அது வேறு கதை.) பத்தொன்பது வயது ஆட்டக்காரரும் பூவில் இருக்கும் தோப்புதான். ஆனால் ஏல மண்டபத்தில் தொலைக்காட்சி வெளிச்சத்தின் கீழ், கைத்தட்டலுக்கு நடுவே அமர்ந்திருக்கும் அணி நிர்வாகிகள் அந்தக் கழிவைப் போடுவதாகத் தெரியவில்லை.

இந்த ஒப்புமைக்கு ஓர் எல்லை உண்டு. மீனுக்குத் தன் விலை தெரியாது, மனிதனுக்குத் தெரியும்.

மதுரை ரசிகர்கள் வருண் சக்கரவர்த்தியை மறந்திருக்க மாட்டார்கள். தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் முதல் இரண்டு ஆண்டுகள் பட்டியலின் அடியில் கிடந்த மதுரை அணி, 2018-இல் மதுரை பாந்தர்ஸ் என்ற பெயரில் கோப்பையை வென்றபோது அதில் சுழற்பந்து வீசியவர் அவர். கட்டடக் கலை படித்து, அந்தத் தொழிலில் இருந்துவிட்டுக் கிரிக்கெட்டுக்குத் திரும்பியவர். அந்த ஒரு பருவத்தின் பந்துவீச்சே அவரைப் பட்டியல்களில் ஏற்றியது. 2018 டிசம்பரில் ஜெய்ப்பூரில் நடந்த ஏலத்தில் 20 லட்சம் அடிப்படை விலையில் தொடங்கிய அவரை 8.40 கோடிக்கு எடுத்தது பஞ்சாப் அணி. கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் அவர் வீசிய முதல் ஓவரில் 25 ஓட்டங்கள் போயின. பிறகு விரலில் காயம். அந்த ஆண்டு அவர் ஆடியது அந்த ஓர் ஆட்டம்தான். பஞ்சாப் அவரை விடுவித்தது. அடுத்த ஏலத்தில் கொல்கத்தா 4 கோடிக்கு எடுத்தது. எந்த மைதானத்தில் 25 ஓட்டங்களைக் கொடுத்தாரோ, அதுவே அவருடைய சொந்த மைதானமாயிற்று. 2025 சாம்பியன்ஸ் கோப்பையில் மூன்றே ஆட்டங்களில் ஒன்பது விக்கெட்டுகளை வீழ்த்தி இந்தியா வெல்ல உதவினார்.

ஆக, 2018-இல் அவரை உயர்வாகக் கணித்தவர்கள் தவறினார்களா? திறமையைப் பற்றிய கணிப்பில் தவறவில்லை. எப்போது, எந்த அணியில், யாருடைய வழிகாட்டலில் அந்தத் திறமை பலிக்கும் என்பதில்தான் தவறினார்கள். விலை கொடுத்தவருக்குப் பலன் கிடைக்கவில்லை, பொறுத்தவருக்குக் கிடைத்தது.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த நடராஜனின் விலைகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 2017-இல் பஞ்சாப் கொடுத்தது 3 கோடி. 2018-இல் ஐதராபாத் கொடுத்தது 40 லட்சம். 2022-இல் அதே அணி 4 கோடி. ஜெத்தா ஏலத்தில் டெல்லி 10.75 கோடி. நாற்பது லட்சம் ரூபாய் ஒப்பந்தத்தில் இருந்த காலத்தில்தான் அவர் ஆஸ்திரேலியா சென்று ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்கு அறிமுகமானார். ஒரே தோள், ஒரே யார்க்கர். விலை மட்டும் ஏழில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கி, பிறகு பத்து மடங்கு ஏறுகிறது. திறமையை அளக்கும் கோல் இவ்வளவு ஆடுமானால், அது வேறு எதையோதான் அளக்கிறது.

அந்த 'வேறு எதையோ' என்பதில் பல அடங்கும். அந்த நேரத்தில் அணிகளின் கையிருப்பு எவ்வளவு. ஒரே வகை வீரரைத் தேடும் அணிகள் இரண்டா, ஒன்றா. பெயர் காலையில் வாசிக்கப்பட்டதா, மாலையில் வாசிக்கப்பட்டதா. ஓர்லி ஆஷன்ஃபெல்டர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1989-இல் திராட்சை மது ஏலங்களை ஆராய்ந்து, ஒரே மதுவின் ஒரே மாதிரியான பெட்டிகளில்கூட பின்னால் ஏலத்துக்கு வருவது குறைந்த விலைக்கே போகும் போக்கைக் காட்டினார். புட்டிக்குள் இருப்பது மாறவில்லை, வரிசை மாறியது.

நம்முடைய மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டைப் போட்டு மூடி, அதனடியில் விரல்களைப் பிடித்து விலை பேசுவார்கள். சிறுவயதில் அதை ஏதோ கள்ளத்தனம் என்று நினைத்திருந்தேன். பின்னாளில் ஏலக் கோட்பாட்டைக் கற்பித்தபோதுதான் அதன் பயன் விளங்கியது. பல் பிடித்து வயது பார்த்து, சுழி பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து, ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய விலையைச் சொல்கிறார்கள். அடுத்தவர் எவ்வளவு கேட்டார் என்ற செய்தி அவர்களுடைய மதிப்பீட்டைக் கெடுப்பதில்லை. திறந்த ஏலத்தில் நடப்பது இதற்கு நேர்மாறானது. எதிரி அணி கை தூக்குவதே 'இவனிடம் ஏதோ இருக்கிறது' என்பதற்குச் சான்றாகிவிடுகிறது.

ஏலத்துக்கு மாற்றாக ஒரு முறை உண்டு. அமெரிக்கர்கள் அதை 'டிராஃப்ட்' என்கிறார்கள். பல்கலைக்கழக ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து ஒவ்வொருவராக எடுத்துக்கொள்வது. சென்ற ஆண்டு கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. அவர்களுடைய கால்பந்தில் (நாம் ஆடும் கால்பந்து அன்று, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவது) 1936 முதல் இது நடக்கிறது. அங்கும் பல மாதங்களுக்கு முன்பிருந்தே பட்டியல்கள், தரவரிசைகள், சண்டைகள். அந்த முதல் ஆண்டில் முதல் பெயராக எடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் ஒரு தொழில்முறை ஆட்டம்கூட ஆடவில்லை. 2000-இல் 199-ஆவது பெயராக எடுக்கப்பட்ட டாம் பிரேடி ஏழு முறை சாம்பியன் பட்டம் வென்ற அணிகளில் ஆடினார்.

இவை விதிவிலக்குகள் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் கேட் மாசி, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலர் ஆகிய இருவரும் பல ஆண்டுகளின் தரவுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். ஒரே இடத்தில் ஆடும் இரு வீரர்களில், முன்னதாக எடுக்கப்பட்டவர் அவருக்கு அடுத்து எடுக்கப்பட்டவரைவிடச் சிறப்பாக ஆடும் வாய்ப்பு எவ்வளவு? ஏறத்தாழ 52 விழுக்காடு. நாணயத்தைச் சுண்டினால் 50.

இதைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. முதல் சுற்றில் எடுக்கப்படுபவர்கள் கடைசிச் சுற்றில் எடுக்கப்படுபவர்களைவிடப் பொதுவாகச் சிறந்தவர்களே. நெல்லையும் பதரையும் நிபுணர்களால் பிரிக்க முடிகிறது; தேநீர்க் கடை இளைஞர்களாலும் ஓரளவு முடிகிறது. மூன்றாமவருக்கும் நான்காமவருக்கும் இடையே கோடு கிழிப்பதில்தான் நம் அறிவு தீர்ந்துபோகிறது. விசித்திரம் என்னவென்றால், நாம் மணிக்கணக்கில் வாதிடுவதும், கோடிகளின் வேறுபாடு விழுவதும் அந்தக் கோட்டில்தான்.

இந்தியாவிலும் ஒரு டிராஃப்ட் நடந்தது. 2008-இல் ஐபிஎல் தொடங்கியபோது மூத்த வீரர்களுக்குத்தான் ஏலம். 19 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையை மலேசியாவில் வென்று திரும்பிய இளைஞர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுத்தன. முதல் வாய்ப்பு டெல்லிக்கு. அந்த அணியின் தலைவராக இருந்த டெல்லிப் பையன் கண்ணெதிரே இருந்தார். ஆனால் டெல்லியிடம் சேவாக், கம்பீர் என்று மட்டையாளர்கள் நிறைந்திருந்தனர், தேவைப்பட்டது பந்துவீச்சாளர். ஆகவே இடக்கை வேகப்பந்து வீச்சாளர் பிரதீப் சங்வானை எடுத்தார்கள். அடுத்து வந்த பெங்களூரு, 30,000 டாலருக்கு விராட் கோலியை எடுத்துக்கொண்டது. டெல்லியின் முடிவை இன்று கேலி செய்வது எளிது. அன்று அவர்கள் சொன்ன காரணத்தை வகுப்பில் ஒரு மாணவர் எழுதியிருந்தால் நான் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன்.

டிராஃப்ட் முறையில் சூதாட்ட வெறி குறைவு. பலவீனமான அணிக்குக் கைகொடுக்கும் நியாயமும் உண்டு. ஆனால் அதற்கான விலையை ஆட்டக்காரர் கொடுக்கிறார். தம்மை எடுத்த ஒரே அணியிடம்தான் அவர் பேச முடியும். வாங்குபவர் ஒருவரே இருக்கும் சந்தையில் விற்பவரின் நிலை என்ன என்பதை ஆலைக்குக் கரும்பு போடும் எந்த விவசாயியும் சொல்வார். தமிழ்நாடு பிரீமியர் லீக்கும் 2022 வரை டிராஃப்ட் முறையில்தான் ஆட்களை எடுத்தது. 2023 பிப்ரவரியில் முதன்முறையாக ஏலம் வைத்தபோது, சாய் சுதர்சனைக் கோவை அணி 21.60 லட்சத்துக்கு எடுத்தது. அதே ஆண்டில் ஐபிஎல்லில் குஜராத் அணி அவருக்குக் கொடுத்துவந்தது 20 லட்சம். ஒரு மாநில லீக்கின் விலை, உலகின் செல்வம் மிக்க கிரிக்கெட் லீக்கின் விலையைத் தாண்டியது. காரணம் எளியது: கோவையில் போட்டி இருந்தது, குஜராத் எடுத்தபோது அடிப்படை விலைக்கு மேல் கேட்க எவரும் இல்லை. அந்த 20 லட்ச ரூபாய் ஒப்பந்தத்தில்தான் அவர் 2023 ஐபிஎல் இறுதியாட்டத்தில் 96 ஓட்டங்கள் எடுத்தார். மதிப்புக்கும் ஊதியத்துக்கும் இடையிலான அந்தப் பெரிய இடைவெளி அணியின் கணக்கில் சேர்ந்தது.

கிரிக்கெட்டை விட்டுக் கபடிக்கு வந்தால் நம் மண்ணுக்கு இன்னும் நெருக்கமாகிறோம். பொங்கல், திருவிழாக் காலங்களில் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து ஊர்களில் இரவு முழுக்க விளக்கொளியில் நடக்கும் ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்கு, அங்கே எத்தனை புரோ கபடிக் கனவுகள் பாடிக்கொண்டு கோடு தாண்டுகின்றன என்பது தெரியும். 2022-இல் தமிழ் தலைவாஸ் அணி பவன் செராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தது. அதுவரை அந்த லீக் கண்டிராத விலை. முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் காயம்பட்டு அவர் அந்தப் பருவம் முழுவதும் வெளியேறினார். எல்லாம் முடிந்தது என்றார்கள். அந்த வெற்றிடத்தில் பெயர் தெரியாத இளைஞர் நரேந்தர் முதல் பருவத்திலேயே 243 ரெய்டு புள்ளிகளைக் குவித்தார். தலைவாஸ் வரலாற்றில் முதன்முறையாக அரையிறுதிக்குச் சென்றது. அடுத்த ஏலத்தில் பவனுக்கு 2.60 கோடிக்கும் மேல் கொடுத்த தெலுங்கு டைட்டன்ஸ், அவர் இருநூறு புள்ளிகளுக்கு மேல் எடுத்தும், பட்டியலின் கடைசியில் முடிந்தது. பவன் சிறந்த ஆட்டக்காரர் என்பதில் ஐயமில்லை. ஆனால் கபடி எழுவர் ஆட்டம். ஒருவருக்குக் கொடுத்த பணம் மற்ற அறுவருக்கு இல்லாமல் போகிறது. பொருளியலில் முதல் வாரம் சொல்லித்தரும் வாய்ப்புச் செலவு இதுதான்.

வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை. தஞ்சை மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன் நாற்பதைக் கடந்த பிறகு, 2016-இல், பாட்னா அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பை வென்றார். இளமையை மட்டும் தேடும் எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் வந்திருக்காது.

பட்டியலில் ஏறுவதே ஒரு தடை என்பதையும் நாம் மறக்கிறோம். ஊரில் ஆடுவது மண் தரையில். தேர்வாளர் பார்ப்பது விரிப்பின் மேல், காலணி போட்டு ஆடும் ஆட்டத்தை. விரிப்பில் கால் பழகாத பையன் அந்த அரை மணி நேரத்தில் மந்தமாகவே தெரிவான். கிரிக்கெட்டில் நத்தத்துக் கல்லூரி மைதானம் வந்த பிறகுதான் இந்தப் பக்கத்து இளைஞர்கள் மாநில லீக்கை அருகிலிருந்து பார்த்தார்கள். 2025 அக்டோபரில் மதுரை சிந்தாமணியில் தோனி திறந்துவைத்த புதிய அரங்கம் இன்னும் சில கண்களை இப்பக்கம் திருப்பலாம். பார்க்கப்படாதவருக்கு விலையும் இல்லை, தரவரிசையும் இல்லை.

பணியில் இருந்த காலத்தில் கல்லூரியின் விளையாட்டு ஒதுக்கீட்டுச் சேர்க்கைக் குழுவில் சில ஆண்டுகள் அமர்ந்திருக்கிறேன். பன்னிரண்டு இடங்களுக்கு நாற்பது, ஐம்பது பேர் வருவார்கள். முதல் நான்கைந்து பேரைப் பற்றியும் கடைசி இருபது பேரைப் பற்றியும் எங்களுக்குள் வேறுபாடு இருந்ததில்லை. நடுவில் இருப்பவர்களை வரிசைப்படுத்துவதில் மாலை வரை வாதிடுவோம். ஓர் ஆண்டு பதினோராவதாக எடுத்த பையன் பிறகு பல்கலைக்கழக அணிக்குத் தலைவரானார். இரண்டாமிடத்தில் வைத்தவர் அடுத்த ஆண்டே ஆட்டத்தை விட்டுவிட்டார். பன்னிரண்டாமவருக்குக் கல்விக் கட்டணமும் விடுதியும் கிடைத்தன. பதின்மூன்றாமவருக்கு எதுவும் இல்லை. அந்தக் கோட்டை எந்த உறுதியுடன் கிழித்தோம் என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

இத்தகைய நிச்சயமின்மையை ஒழிக்க முடியாது. அதன் சுமையை யார் தாங்குவது என்பதை மாற்ற முடியும். ஒற்றை ஏலத்தில் உச்ச விலைகளுக்குப் போகும் பணத்தில் சிறு பகுதியைக் கொண்டு அடிப்படை ஊதியத்தை உயர்த்தலாம். தேர்வு முகாமுக்கு வந்து எடுக்கப்படாத ஒவ்வொருவருக்கும் அவருடைய மதிப்பீட்டை எழுத்தில் கொடுக்கலாம். தரவுகள் அணிகளிடம் ஏற்கெனவே இருக்கின்றன. முகாம்களுக்காக இழக்கும் வருகை நாட்களையும் தேர்வுகளையும் ஈடுசெய்யப் பல்கலைக்கழகங்கள் தனி ஏற்பாடு செய்யலாம். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காடு ஒதுக்கீட்டுக்குப் போகிறவருக்கும் அந்தப் பட்டச் சான்றிதழ் பெரும்பாலும் தேவைப்படும்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து என்னிடம் பொருளியல் படித்தார் ஒரு கபடி வீரர். மூன்றாம் ஆண்டில் தொழில்முறை லீக் ஒன்றின் புதுமுகத் தேர்வு முகாமின் கடைசிச் சுற்று வரை போனார். ஊரில் பதாகை கட்டிவிட்டார்கள். ஆசிரியர் அறையில் நாங்களும் அவருக்கு எவ்வளவு கிடைக்கும் என்று கணக்குப் போட்டோம். 'உன்னை எடுக்காமல் வேறு யாரை எடுக்கப் போகிறார்கள்' என்று நானே அவரிடம் சொன்னேன். எடுக்கவில்லை. பதாகை தொங்கும் ஊருக்கு எப்படித் திரும்புவது என்று திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். இறுதிப் பருவத் தேர்வை எழுதவில்லை.

நான்கைந்து ஆண்டுகள் கழித்து மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் அவரே அடையாளம் கண்டு அருகில் வந்தார். குடும்பம், வேலை எல்லாம் பேசினோம். பேருந்து கிளம்பும் நேரத்தில் சற்றுத் தயங்கி, 'சார், அந்த கேம்ப்ல நான் எத்தனாவது ஆளா இருந்தேன்னு உங்களுக்கு ஏதும் தெரியுமா?' என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அந்த முகாமில் எவருக்கும் அது சொல்லப்படவில்லை.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு), மதுரை.